வாய் தவறியது கிடக்கட்டும், அந்தச் செக் யாருடையது?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46, கோவைப் பக்கம் பிறந்தவர். 2003-ல் எச்-1பி விசாவில் வந்து 2016-ல் குடியுரிமை வாங்கியிருக்கிறார். மென்பொருள் வேலை. நான்கு வருடமாக டவுன்ஷிப்பின் ஜோனிங் போர்டில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, யார் வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு உயரத்துக்கு வேலி போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர். இந்த நவம்பரில் கவுன்சில் தேர்தலில் நிற்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

சென்ற மாதம் முதியோர் மையத்தில் வேட்பாளர் அறிமுகக் கூட்டம். இவருக்கு மூன்று நிமிடம். நன்றாகத்தான் பேசியிருக்கிறார். முடிக்கும்போது, என் பிள்ளைகள் வளர்ந்த ஊர் இது என்று சொல்லி ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், பக்கத்து டவுன்ஷிப்பின் பெயர் வாயில் வந்துவிட்டது. முன்பு ஆறு வருடம் அங்கே வாடகைக்கு இருந்தாராம். யாரோ அதை 22 விநாடித் துண்டாக வெட்டி ஊர் ஃபேஸ்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். எந்த ஊரில் நிற்கிறோம் என்று மேப்பில் பார்த்துவிட்டு வரட்டும் என்று கீழே ஒருவர், உச்சரிப்பைக் கிண்டல் செய்து இன்னொருவர். மகளிடம் பள்ளியில் கேட்கிறார்கள். மனைவி விலகிவிடச் சொல்கிறார்.

அவர் கேட்பவை: ஹோவர்ட் டீன் ஒரு அலறலில் அழிந்த மாதிரி நானும் முடிந்தேனா? வக்கீல் நோட்டீஸ் விட்டு அந்த வீடியோவை எடுக்க வைக்கலாமா? பத்து வருடம் முன்பு தமிழில் எழுதிய பதிவுகளை அழித்துவிடட்டுமா? கிரீன் கார்டு வைத்திருக்கும் அம்மா 500 டாலர் கொடுத்தார், அது தப்பா? நடுவில், அறிமுக அட்டையில் எம்.பி.ஏ. என்று போட்டிருப்பதாகவும் இரண்டு பாடம் பாக்கி இருக்கும்போதே படிப்பை விட்டுவிட்டதாகவும் ஒரு வரி. கடைசிப் பத்தியில், நன்றி சொல்வதற்குச் சற்று முன், இது: கோவையில் இருக்கும் மச்சான் ஆசையாக 3,000 டாலர் கொடுத்தார். அவர் இந்தியக் குடிமகன், நேரடியாக வாங்கக்கூடாது. அதனால் இங்கே குடியுரிமை உள்ள நண்பரின் கணக்குக்கு அனுப்பினார், நண்பர் தன் பெயரில் செக் எழுதிக் கொடுத்துவிட்டார். "நம் ஊர்ப் பழக்கம்தானே அக்கா, இதில் சிக்கல் எதுவும் இல்லையே?"

தம்பி, அக்கா என்று அழைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கடிந்தும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாநிலத்தில் பெரிய ஆட்கள், சின்ன ஆட்கள் என்று பல வேட்பாளர்களின் தேர்தல் கணக்கைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் அந்த 22 விநாடிக்குப் போயிருக்கிறது, மச்சான் பணத்துக்கு ஐந்து வரி. நான் கடைசிப் பத்தியைத்தான் மூன்று தடவை படித்தேன். இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன். வீடியோ பயம் தீராமல் மற்றது உங்கள் காதில் ஏறாது.

அந்த 22 விநாடி

டீன் கதையை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். 2004 ஜனவரி 19, அயோவா. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின் முதல் சுற்று. வெர்மான்ட்டின் முன்னாள் ஆளுநர் தொண்டர்களுக்குத் தெம்பு கொடுக்க, அடுத்து எந்தெந்த மாநிலம் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் தொண்டை கிழிய ஒரு கத்து கத்தினார். அரங்கில் இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் அது பெரிதாகக் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த மைக், கூட்டத்தின் சத்தத்தை விட்டுவிட்டு அவர் குரலை மட்டும் எடுத்தது. டி.வி.யில் பார்த்தவர்களுக்கு ஒரு மனிதர் காரணமில்லாமல் அலறுவதுபோல இருந்தது. அதை நாள் கணக்கில் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று இரவு அவர் எதற்காக அப்படித் தெம்பு கொடுக்க வேண்டியிருந்தது? முன்னணியில் இருந்தவர், ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம் விழுந்த இடத்தில் 18 சதவீதம் வாங்கி மூன்றாவதாக வந்திருந்தார். கத்துவதற்கு முன்பே அயோவாவில் தோற்றாகிவிட்டது. அழிந்தும் போகவில்லை. அடுத்த வருடமே ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராகி நான்கு வருடம் இருந்தார்.

இன்னொருவரைப் பாருங்கள். 2011 நவம்பரில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி விவாத மேடையில், நான் அதிபரானால் மூன்று துறைகளை இழுத்து மூடுவேன் என்றார். இரண்டைச் சொன்னார். மூன்றாவது வரவில்லை. விரலை மடக்கினார், காகிதத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவர்கள்கூட எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் "ஊப்ஸ்" என்று விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் போட்டியிலிருந்து விலகினார். அவருக்கு மறந்துபோனது எரிசக்தித் துறை. 2017-ல் அதே துறைக்கு அமைச்சராகப் போய் உட்கார்ந்தார்!

அப்படியென்றால் வாய் தவறினால் ஒன்றும் ஆகாதா என்றால், ஆகும். ஊரில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்து, நீங்கள் தடுமாறியது அதற்குச் சாட்சி சொல்கிற மாதிரி அமைந்துவிட்டால்தான் அடி பலமாக விழும். 1992 ஜூனில் நம் ட்ரென்டனில் ஒரு பள்ளிக்கு வந்த துணை அதிபர் டான் குவேல், உருளைக்கிழங்குக்கான ஆங்கிலச் சொல்லைப் பலகையில் சரியாக எழுதிய 12 வயதுப் பையனிடம், கடைசியில் ஒரு 'இ' சேர் என்றார். அவர் கையில் பள்ளி கொடுத்த அட்டையிலேயே அப்படித்தான் தப்பாக எழுதியிருந்தது. அதை யார் கேட்டார்கள்? இந்த மனிதருக்கு விஷயம் போதாது என்று நான்கு வருடமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கு அதற்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. வேறு ஒருவர் அதே தப்பைச் செய்திருந்தால் மறுநாள் மறந்திருப்பார்கள்.

2022-ல் டி.வி. புகழ் டாக்டர் ஓஸ் பென்சில்வேனியாவில் செனட்டுக்கு நின்றபோதும் இதுதான் நடந்தது. பல வருடம் நம் நியூ ஜெர்சியில் குடியிருந்தவர். காய்கறிக் கடையில் நின்று விலைவாசியைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தார். கடையின் பெயரைத் தப்பாகச் சொன்னார். வெள்ளரி, கேரட் நறுக்கி வைக்கும் தட்டுக்குச் சாதாரண ஜனங்கள் சொல்லாத ஒரு பிரெஞ்சுப் பெயரைச் சொன்னார். வெளியூர்க்காரர், பணக்காரர் என்று எதிரணி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை அவரே நிரூபித்த மாதிரி ஆயிற்று. தோற்றார்.

உங்கள் வீடியோவும் இந்த வகைதான். "இவர் இந்த ஊர்க்காரர்தானா?" என்ற கேள்வி, நம் நிறத்தையும் பெயரையும் பார்த்துச் சிலர் மனதில் ஏற்கெனவே இருப்பது. நியாயமில்லாத கேள்வி, ஆனாலும் இருக்கிறது. அதனால் ஒளியாதீர்கள். அடுத்த கூட்டத்தில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: இந்த நாட்டில் இரண்டு ஊருக்குச் சொத்து வரியும் வாடகையும் கட்டியவன், இரண்டு பெயரும் நாக்கு நுனியில் நிற்கிறது, வேலி உயரம் மட்டும் இந்த ஊர் அளவில்தான் சொல்வேன் என்று. ஜோனிங் போர்டில் உங்களிடம் மாட்டியவர்கள் நிச்சயம் சிரிப்பார்கள். ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், போதும். இரண்டாவது தடவை சொன்னால் அது மன்னிப்பு மாதிரி ஆகிவிடும். உச்சரிப்பை மாற்ற ஆள் வைக்க வேண்டாம். நிறுத்தி, மெதுவாகப் பேசினால் போதும்.

நோட்டீஸ் விட வேண்டாம்

பொதுக்கூட்டத்தில் பேசியதை யாரும் பதிவு செய்யலாம். தனிப்பட்ட உரையாடலைக்கூட, பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தால் பதிவு செய்ய நியூ ஜெர்சிச் சட்டம் இடம் தருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும். கிண்டல் செய்பவர்மேல் அவதூறு வழக்குப் போடலாமா என்றால், தேர்தலில் நிற்பவர் பொது மனிதர். பொய்யென்று தெரிந்தே சொன்னார், அல்லது பொய்யாக இருக்குமோ என்று சந்தேகம் இருந்தும் கவலைப்படாமல் சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 1964-லிருந்து உச்ச நீதிமன்றம் வைத்திருக்கும் அளவுகோல் இது. உங்கள் விஷயத்தில் பொய்யே இல்லை, நீங்கள் சொன்னதைத்தான் போட்டிருக்கிறார்கள். வாயடைக்கப் போடும் வழக்குகளைச் சீக்கிரம் தள்ளுபடி செய்ய 2023-ல் இங்கே தனிச் சட்டமே வந்திருக்கிறது. தோற்றால் எதிராளியின் வக்கீல் கட்டணமும் உங்கள் தலையில் விழும். போதாக்குறைக்கு உங்கள் நோட்டீஸையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே குழுவில் போடுவார்கள்.

தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியும்?

இதை நிறைய பேர் நம்புகிறார்கள். ஜார்ஜ் ஆலனும் நம்பியிருக்க வேண்டும். வர்ஜீனியாவின் செனட்டர், 2008-ல் அதிபர் தேர்தலுக்கே நிற்பார் என்று பேசப்பட்டவர். 2006 ஆகஸ்டில் கென்டக்கி எல்லைப் பக்கம் ஒரு பிரச்சாரக் கூட்டம். எதிரணிக்காகக் கேமராவோடு பின்தொடர்ந்து வந்த 20 வயது இந்திய வம்சாவளி இளைஞரைக் காட்டி "மக்காக்கா" என்று அழைத்து, அமெரிக்காவுக்கு வருக என்றார். பையன் பிறந்து வளர்ந்ததே வர்ஜீனியாவில். அந்தச் சொல் ஒரு குரங்கு இனத்தின் பெயர். வட ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் குடியேறிகள் அங்குள்ளவர்களை இழிவாக அழைத்த சொல்லும்கூட. ஆலனின் அம்மா டூனிஸில் வளர்ந்தவர் என்பதைப் பத்திரிகைகள் தோண்டி எடுக்க நாளாகவில்லை. பையனின் தலைமுடி அலங்காரத்தைச் சொன்னோம் என்றது அவர் தரப்பு. பிறகு, சும்மா வாயில் வந்த சொல் என்றார். மன்னிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. நவம்பரில் சுமார் 9,300 வாக்கில் தோற்றார். முதல் நாளே, தப்பாகப் பேசிவிட்டேன், அந்தத் தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த 9,300 போயிருக்காது என்பது என் கணிப்பு.

இன்று தமிழை மொழிபெயர்க்க ஒரு பொத்தான் போதும். ரஜினி-கமல் சண்டை, கிரிக்கெட் வசவெல்லாம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் குஜராத்திக் கடைக்காரர்களைப் பற்றி இரண்டு கிண்டல், பழைய அலுவலகத்தில் ஒரு கறுப்பின மேலாளரைப் பற்றி ஒன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அவை வரும். உங்கள் வார்டில் குஜராத்தி வாக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு மாலை உட்கார்ந்து, உங்களைப் பிடிக்காத ஒருவர் எப்படிப் படிப்பாரோ அப்படி முழுவதையும் படித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால், எழுதினேன், வெட்கப்படுகிறேன் என்ற பதில் தயாராக இருக்கட்டும். இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். சாதாரணமாக, விசாரணை எதுவும் இல்லாதபோது சொந்தப் பதிவை அழிப்பது குற்றமில்லை. உங்கள் நிலைமை சாதாரணமானது இல்லை. ஏன் என்பது கடைசித் தலைப்பில்.

எம்.பி.ஏ.

இன்றைக்கே அட்டையை மாற்றுங்கள். 'எம்.பி.ஏ. வகுப்புகள் படித்தவர்' என்று போடுங்கள், அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள். இரண்டு பாடம்தானே என்று நினைப்பீர்கள். மொன்டானாவின் செனட்டர் ஜான் வால்ஷ், ராணுவக் கல்லூரியில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பிறர் எழுதியதை எடுத்தாண்டிருந்தார் என்று 2014 ஜூலையில் வெளிவந்தது. ஆகஸ்டில் போட்டியிலிருந்து விலகினார், அக்டோபரில் பட்டத்தையும் பறித்தார்கள். ஜார்ஜ் சான்டோஸ் படிக்காத கல்லூரியில் படித்ததாகச் சொன்னதோடு நிற்காமல் அதன் வாலிபால் அணியிலும் ஆடியதாகச் சொல்லிவைத்தார். 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஜெயித்தவரை 2023 டிசம்பரில் அங்கிருந்து 311-க்கு 114 என்ற வாக்கில் வெளியேற்றினார்கள். அவர் எங்கே, நான் எங்கே என்பீர்கள். சரிதான். ஆனால் 1987-ல் ஜோ பைடன் அதிபர் போட்டியிலிருந்து விலக வேண்டி வந்ததற்கு, ஒரு பிரிட்டிஷ் தலைவரின் பேச்சைத் தன் பேச்சாகப் பேசியதோடு, சட்டக் கல்லூரியில் நல்ல இடத்தில் தேறியதாக அளந்ததும் ஒரு காரணம். 85 பேரில் 76-வதாக வந்தவர். திரும்பி எழ நிறைய வருடம் பிடித்தது.

மச்சானின் மூவாயிரம்

இனி உங்கள் ஐந்து வரிக்கு வருகிறேன்.

அம்மா கொடுத்த 500-ஐப் பற்றிக் கவலை வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர் தன் சொந்தப் பணத்தைத் தேர்தல் நன்கொடையாகக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த 500 நீங்கள் அவர் கையில் கொடுத்துத் திருப்பி வாங்கியது என்றால் மட்டும் கதை வேறு. நீங்கள் பயந்துகொண்டிருந்தது சட்டப்படி சரியாக வந்த பணத்துக்கு. பயப்படாமல் விட்டது மச்சான் பணத்துக்கு.

நம் ஊர்ப் பழக்கம் என்கிறீர்கள். எனக்கும் தெரியும். கல்யாண வீட்டில் துபாயில் இருக்கும் தம்பி பெயரில் அண்ணன் மொய் எழுதுவார், வர முடியாத சித்தப்பா பெயரில் அத்தை எழுதுவார். மொய் நோட்டுக்கு யார் பெயர் என்பதுதான் கணக்கு, யார் பையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே தேர்தல் கணக்கில் அதை மட்டும்தான் கேட்பார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவர் பணம் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும் வரக்கூடாது. அதிபர் தேர்தலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் டவுன்ஷிப் கவுன்சிலுக்கும் அதே கூட்டாட்சிச் சட்டம்தான். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பதும் வாங்குவதும் தனிக் குற்றம், நியூ ஜெர்சிச் சட்டத்திலும். ஆக, ஒரே செக்கில் இரண்டு மீறல். ஒரு வருடத்தில் 2,000 டாலரைத் தாண்டி, தெரிந்தே செய்தது என்று நிரூபணமானால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இந்தத் தொகைக்கு எல்லோரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. ஆனால் "நேரடியாக வாங்கக்கூடாது, அதனால்" என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அந்த 'அதனால்' இடம் கொடுக்காது.

நம்மைப் போலப் புலம்பெயர்ந்த சமூகங்களுக்கு இது புதிதும் இல்லை. 1996 ஏப்ரலில் துணை அதிபர் அல் கோர் கலிஃபோர்னியாவில் ஷி லாய் என்ற பௌத்தக் கோயிலுக்கு வந்தார். துறவிகள் பெயரில் ஆளுக்கு 5,000 என்று செக் போயிற்று, கோயில் நிதியிலிருந்து அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. செனட் விசாரணை வரை போய், ஏற்பாடு செய்தவருக்குத் தண்டனையும் கிடைத்தது. கோர்மேல் வழக்கு இல்லை, ஆனால் 2000 தேர்தல் வரை அந்தக் கோயில் அவரை விடவில்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய கதை ஜெஃப் ஃபோர்ட்டன்பெர்ரியுடையது. நெப்ராஸ்காவிலிருந்து 2005 முதல் காங்கிரஸ் உறுப்பினர். 2016-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அவருக்காக நிதி திரட்டும் விருந்து நடந்தது. அதில் 30,000 டாலர், நைஜீரியாவில் பிறந்த ஒரு கோடீஸ்வரருடையது. அங்கிருந்த பலர் பெயரில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வாங்கும்போது இவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு வழக்குப் போடவில்லை. 2018-ல், விருந்தை நடத்தியவர்களில் ஒருவர் போனில் அழைத்து, அந்தப் பணம் இன்னாருடையதாகத்தான் இருக்கும் என்று சொன்னார். சொன்னவர் அப்போது எஃப்.பி.ஐ.யோடு ஒத்துழைத்துக்கொண்டிருந்தார். போன் பதிவாகிக்கொண்டிருந்தது. அன்றைக்கே இவர் பணத்தைத் திருப்பிவிட்டு, கணக்கைத் திருத்திக் கொடுத்திருந்தால் சில நாள் செய்தியாக வந்து போயிருக்கும். செய்யவில்லை. 2019-ல் அதிகாரிகள் வீட்டுக் கதவைத் தட்டியபோது அப்படி ஒன்றும் கேள்விப்படவில்லை என்கிற மாதிரி பேசினார். 2022 மார்ச்சில், மறைத்ததற்கும் பொய் சொன்னதற்கும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அந்த மாதமே பதவி விலகினார். பிறகு, வழக்கைத் தவறான ஊரில் நடத்தினார்கள் என்று மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது, மறுபடி போட்ட வழக்கும் 2025-ல் கைவிடப்பட்டது. பதவி மட்டும் திரும்பவில்லை.

அவருக்காவது வாங்கும்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: இதுவரை யாரும் உங்களைக் கேட்கவில்லை. தானாக முன்வந்து சரிசெய்தவரை நடத்தும் விதமும், பிடிபட்டவரை நடத்தும் விதமும் இங்கே ஒன்றல்ல.

இந்த வாரம்

முதலில் ஒரு தேர்தல் சட்ட வக்கீலைப் பணம் கொடுத்து அமர்த்துங்கள். வக்கீலிடம் அவருடைய கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு, எனக்கு எழுதிய கடிதத்துக்குக் கிடையாது. அதனால்தான் உங்கள் மூலக் கடிதத்துக்கு மறுமொழியாக மேற்கொண்டு விவரம் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் அனுப்பாதீர்கள். உங்கள் அரசியல் கட்சிக்காரர்களிடமும், வார்டுத் தலைவர் உட்பட, வக்கீலைப் பார்க்கும்வரை இதைப் பேச வேண்டாம். தேர்தல் செலவுக்கான பணத்தைத் தேர்தல் கணக்கிலிருந்து எடுக்கக்கூடாது என்பதில்லை, ஆனால் அந்த 3,000-ஐத் தொடாமல் மீதி எப்போதும் அதற்குமேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு எப்படித் திருப்புவது, தாக்கல் செய்த அறிக்கையை எந்த வரியில் திருத்துவது, மாநில ஆணையத்துக்கு மட்டுமா கூட்டாட்சிக்குமா என்பதெல்லாம் வக்கீல் சொல்வார். மச்சானுக்கு உடனே திருப்பி அனுப்பிக் கதையை முடித்துவிடலாம் என்று நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். பார்ப்பவர்களுக்கு அது தடயத்தை அழித்த மாதிரி தெரியும். பொருளாளர் யாரென்று எழுதவில்லை. மனைவிதான் என்றால், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர் என்பதால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மச்சானோடு பேசும் வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும்படி வைத்திருந்தால் இன்றிரவே அதை நிறுத்துங்கள். எதையும் அழிக்காதீர்கள். ஃபேஸ்புக்கையும் அதனால்தான் தொட வேண்டாம் என்றேன். அதிகாரி யாராவது போன் செய்தால் மரியாதையாக, என் வக்கீல் பேசுவார் என்று சொல்லி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பொய் சொல்ல இல்லை. அப்புறம், எச்-1பி-யில் இருக்கும் பசங்கள் உங்களுக்காகச் சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போகலாம், அதில் தப்பில்லை. பணத்தை எங்கே செலவழிப்பது என்ற முடிவில் மட்டும் அவர்கள் உட்காரக் கூடாது.

விலகிவிடுங்கள் என்று மனைவி சொல்வது வீடியோவுக்காக என்றால், வேண்டாம். இந்தப் பணத்துக்காக என்றால், விலகினாலும் தீராது. தாக்கல் செய்த அறிக்கை அங்கேயேதான் இருக்கும், கூட்டாட்சிச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை வழக்குப் போடலாம். முதலில் சரிசெய்யுங்கள். நிற்பதா விலகுவதா என்பதை அதற்கப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். மகளையும் சேர்த்துத்தான் மூன்று என்றேன், பள்ளியில் கேள்வி கேட்கப்படுவது அவளிடம்தானே.

கடைசியாக நண்பர். நல்ல மனதோடு செக் எழுதியவர், அவருக்கும் ஆபத்து இருக்கிறது. அவருக்குத் தனி வக்கீல் வேண்டும், உங்கள் வக்கீல் இருவருக்கும் சேர்த்து ஆக முடியாது. கேட்டால் இப்படிச் சொல்லலாம் என்று பேசி வைத்துக்கொள்ள அவரைக் கூப்பிட உங்களுக்குக் கை பரபரக்கும். கூப்பிடாதீர்கள். இந்தப் பதிலையும் அவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வக்கீல் அவரிடம் சொல்லவேண்டிய விதத்தில் சொல்லிக்கொள்வார்.